சீனி இல்ல... சர்க்கரை இருக்கு!

செமஸ்டர் லீவு எல்லாம் எப்படிப் போச்சு? நல்லா தூங்குனீங்களா? நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கேக் செஞ்சேன். ஒண்ணு இல்ல, அஞ்சு!

"மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கும் கேக்குக்கும் என்னடா சம்பந்தம்?"னு நீங்க கேக்குறது காதுல விழுது. சம்பந்தம் இருக்கு பாஸ். அதுல முதல் கேக்கை நான் மறக்கவே முடியாது. ஏன்னா, அது எங்க அப்பாவை ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுச்சு.

கதையைக் கேளுங்க. எங்க ஊர் திண்டுக்கல் பக்கம். அப்பா மளிகைக் கடை வெச்சிருக்கார். சின்னக் கடைதான். எங்க ஊர்ப் பக்கம் வெள்ளையா இருக்கிறதுக்குப் பேரு சீனி. 'சர்க்கரை'ன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு கடையில மூட்டையில இருக்கும். இன்னொண்ணு ரத்தத்துல இருக்கும். வருஷக்கணக்கா முதல் சர்க்கரையைக் கட்டிக் கட்டிக் கொடுத்த அப்பாவுக்குப் போன வருஷம் ரெண்டாவது சர்க்கரை வந்துடுச்சு. ஹெச்பிஏ1சி டெஸ்ட்ல 8.4. இந்த டெஸ்ட்ல 6.5-ம் அதுக்கு மேலயும் வந்தா நீரிழிவு.

மனுஷன் ஒரேயடியா உடைஞ்சு போயிட்டார். டீயில சீனி கட். சாயங்காலம் கடையில உக்காந்து சாப்பிடுற கடலை மிட்டாய் கட். "இனிமே எனக்கு என்னப்பா இருக்கு?"ன்னு ஒரு நாள் சொன்னார் பாருங்க, எனக்கு ஹாஸ்டலுக்குக் கிளம்பவே மனசு வரல.

அதனால அவரோட பொறந்தநாளுக்கு ஒரு பிளான் போட்டேன். சீனியே இல்லாத கேக்! எல்லாம் இயற்கை! மைதா 150 கிராம், நல்லா பழுத்த வாழைப்பழம் மூணு, சீனிக்குப் பதிலா நாட்டுச் சர்க்கரை 150 கிராம், மேல ஊத்த மூணு டேபிள்ஸ்பூன் தேன். நாட்டுச் சர்க்கரை நம்ம கடைச் சரக்குதான். "சுகர் இருக்கிறவங்க இதைத்தான் வாங்குறாங்க"ன்னு அப்பாவே அதை விப்பார்.

கேக் சூப்பரா வந்துச்சு. அப்பா முதல் துண்டை எடுக்கும்போதே கேட்டார். "தம்பி, சீனி இல்லல்ல?"

"ஒரு சிட்டிகைகூட இல்லப்பா. தைரியமா சாப்பிடுங்க."

மூணு துண்டு சாப்பிட்டார். பல மாசம் கழிச்சு அவர் முகத்துல ஒரு சிரிப்பு. நான் போட்டோ எல்லாம் எடுத்தேன்.

ரெண்டு மணி நேரத்துல தண்ணி தண்ணின்னு கேட்டார். பாத்ரூமுக்கும் ரூமுக்குமா நடை. அம்மா மெஷினை எடுத்து விரல்ல குத்திப் பார்த்தா, 318! அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... எந்த எக்ஸ்டர்னலும் என்னை அப்படிப் பார்த்ததில்ல.

நல்லவேளை, பெரிசா ஒண்ணும் ஆகல. டாக்டர் பார்த்துட்டு, மறுநாள் டயட்டீஷியன் மேடத்தைப் பார்க்கச் சொன்னார். அந்தம்மா கேட்டாங்க, "என்ன சாப்பிட்டீங்க?"

அப்பா பெருமையா சொன்னார். "கேக் மேடம். ஆனா சீனி இல்லாத கேக். பையன் செஞ்சது."

மேடம் என் பக்கம் திரும்பினாங்க. "என்னப்பா போட்ட?"

"நாட்டுச் சர்க்கரை, தேன்..."

"பேருலயே இருக்கேப்பா!"

அவ்வளவுதான். என் மூணு வருஷ இன்ஜினீயரிங் மூளை அங்கேயே ஃப்யூஸ் போச்சு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்!

வீட்டுக்கு வந்து ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். அன்னிக்குதான் முதல் தடவையா உருப்படியா ஒரு கணக்குப் போட்டேன். நீங்களும் பாருங்க.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாத்துலயும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். அதாவது வெள்ளைச் சீனியில இருக்கிற அதே சரக்கு. நிறமும் வாசனையும் கொஞ்சம் தாது உப்பும்தான் எக்ஸ்ட்ரா. தேன்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் சர்க்கரைதான், முக்கியமா ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட அட்டவணைப்படி 100 கிராம் சீனியில 398 கலோரி, வெல்லத்துல 383. வித்தியாசம் வெறும் 15! "வெல்லத்துல இரும்புச்சத்து இருக்கே"ன்னு கேட்டா, இருக்கு. அதுக்காக சர்க்கரைக்காரர் வெல்லத்தை அள்ளித் தின்ன முடியுமா?

சரி, என் கேக்குக்கு வருவோம். நாட்டுச் சர்க்கரையில குறைச்சலா 85 சதவீதம் சர்க்கரைன்னு வெச்சாலும் 127 கிராம். மூணு டேபிள்ஸ்பூன் தேன் 60 கிராம் வரும், அதுல 48. உரிச்ச வாழைப்பழம் 250 கிராம். வாழைப்பழத்துல 100 கிராமுக்கு சுமாரா 12 கிராம் சர்க்கரை இருக்கும், ரகத்தையும் பழுப்பையும் பொறுத்துக் கூடும். நம்ம டிசைன் பேப்பர்ல ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி போடுவோமே, அது மாதிரி 15-னு எடுத்தேன். அதுல ஒரு 37. மொத்தம் 212 கிராம். எட்டுத் துண்டு போட்டேன். அப்பா சாப்பிட்டது மூணு. கிட்டத்தட்ட 80 கிராம் சர்க்கரை. டீஸ்பூன்ல சொன்னா 20 ஸ்பூன்! மைதா தனி. அதுவும் உள்ள போய் குளுக்கோஸாத்தான் மாறும்.

2015-ல உலக சுகாதார நிறுவனம் என்ன சொன்னுச்சுன்னா, நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்களே சேர்த்துக்கிற சர்க்கரையை மொத்த கலோரியில 10 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கணும். 2,000 கலோரி சாப்பிடுறவங்களுக்கு அது 50 கிராம். 5 சதவீதத்துக்கு, அதாவது 25 கிராமுக்குக் குறைச்சா இன்னும் நல்லது. இந்தக் கணக்குல தேனும், பாகும், பழ ஜூஸும் சேர்த்திதான். கடிச்சுச் சாப்பிடுற முழுப் பழம் சேராது.

'இயற்கை'ங்கிறது அது எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்ற வார்த்தை. எவ்வளவு இருக்குன்னு சொல்ற வார்த்தை இல்ல. நான் முகவரியைப் பார்த்து அளவை முடிவு பண்ணிட்டேன் பாஸ். அதான் தப்பு.

சீனி பார்க்கிற நாலு வேலை!

"சரி, அப்ப இனிப்பே போடாம செஞ்சா போச்சு"ன்னு ரெண்டாவது கேக்ல இறங்கினேன். கோதுமை மாவு, ஒரே ஒரு வாழைப்பழம், முட்டை, எண்ணெய். வேற ஒண்ணும் இல்ல. வந்தது கேக் இல்ல, செங்கல். வெளுத்துப் போய், இறுகிப் போய்... அம்மா தட்டிப் பார்த்துட்டு, "டேய், சிமென்ட் கம்பெனியில வேலைக்கு அப்ளை பண்ணு"ன்னாங்க.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். கேக்குல சீனி இனிப்புக்கு மட்டும் இல்ல. ஒரே ஆள் நாலு டிபார்ட்மென்ட் பார்க்குது.

ஒண்ணு: தண்ணியைப் பிடிச்சு வெக்குது. அதனால கேக் காயாம ஈரமா இருக்கு. ரெண்டு: மாவுல க்ளூட்டன் இறுகாம தடுக்குது. அதனால மெத்துன்னு வருது. மூணு: வெண்ணெயோட சேர்த்து அடிக்கும்போது சீனிப் பரல்கள் உள்ள காத்தை ஏத்துது. அதனால உப்பி வருது. நாலு: சூட்டுல நிறம் கொடுக்குது. இந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கினா, நாலு வேலைக்கும் வேற ஆள் போடணும். நான் ஆளே போடல. அதான் செங்கல்!

மூணாவது கேக் ஸ்டீவியா. ரூம்மேட் ஐடியா. சின்ன பாட்டில்ல சொட்டு மருந்து மாதிரி இருக்கும். ஸ்டீவியா இலைச் சாறுல இருந்து பிரிக்கிற பொருள் சீனியை விட 200-லிருந்து 300 மடங்கு இனிப்பு. அதாவது 150 கிராம் சீனி இருந்த இடத்துல அரை கிராம், முக்கால் கிராம் போதும். மிச்ச 149 கிராம் இடத்தை யார் நிரப்புறது? கேக் அப்படியே உக்காந்துடுச்சு. கடைசியில நாக்குல ஒரு கசப்பு வேற. டீக்கு ஓகே, கேக்குக்கு சரிப்படல.

நாலாவதுல பேரீச்சம்பழம் 120 கிராம் அரைச்சுப் போட்டேன். டேஸ்ட் அட்டகாசம்! ஆனா கணக்குப் போட்டா, பேரீச்சம்பழத்துல 100 கிராமுக்கு 64 கிராம் அளவுக்கு சர்க்கரை. நார்ச்சத்து 7 கிராம் வரை இருக்கிறது உண்மைதான். ஆனாலும் அள்ளிப் போட முடியாது. அதைப் பாதியாக்கினேன். அதுதான் அஞ்சாவது கேக். அதுதான் பாஸ்!

இதுல யார் யார் எந்த வேலையைப் பார்க்குறாங்கன்னு பாருங்க. ஈரத்துக்கு வாழைப்பழமும் தயிரும். மெத்துன்னு இருக்க எண்ணெயும் பேரீச்சம்பழ விழுதும். உப்பி வர நல்லா அடிச்ச முட்டையும், தயிரோட புளிப்புல நுரைக்கிற சோடாவும். நிறத்துக்குப் பழங்கள்ல இருக்கிற குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் போதும், சீனியை விட சீக்கிரமே சிவந்துடும். அதனாலதான் சிம்ல வெக்கணும். இனிப்பு குறைஞ்சது தெரியாம இருக்க ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும். ஏலக்காய் வாசனை வந்தாலே நம்ம நாக்கு 'பாயசம் வருது'ன்னு ரெடியாயிடும் இல்ல, அந்த டெக்னிக்தான்.

செஞ்சு பாக்குறீங்களா?

கோதுமை மாவு 150 கிராம், உரிச்ச வாழைப்பழம் 250 கிராம், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 60 கிராம், முட்டை 2, கடலெண்ணெய் 60 மில்லி, கெட்டித் தயிர் 4 டேபிள்ஸ்பூன், ஒண்ணு ரெண்டா உடைச்ச வேர்க்கடலை ஒரு கைப்பிடி, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

பேரீச்சம்பழத்தைக் கால் டம்ளர் வெந்நீர்ல அரைமணி நேரம் ஊறப் போட்டு, அந்தத் தண்ணியோடயே அரைச்சுக்குங்க. வாழைப்பழத்தை மிக்ஸியில போடாதீங்க, கையாலயோ மத்தாலயோ மசிச்சா போதும், அங்கங்க துண்டு கிடக்கட்டும். முட்டையை நல்லா நுரைக்கிற வரை அடிங்க. சீனி இல்லாததால காத்தை ஏத்துற வேலை இப்ப உங்க கையிலதான் இருக்கு, ஏமாத்தாதீங்க. அதுல எண்ணெய், தயிர், ரெண்டு பழ விழுதும் சேர்த்துக் கலக்குங்க.

மாவு, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஏலக்காயை ஒண்ணா சலிச்சு அதுல கொட்டி, மாவு மறையுற வரைக்கும் மட்டும் மெதுவா கிளறுங்க. சப்பாத்திக்குப் பிசையுற மாதிரி போட்டு அடிச்சீங்கன்னா மறுபடியும் செங்கல்தான். கடைசியா வேர்க்கடலை.

ஓவன் இருக்கிறவங்க 170 டிகிரியில 40 நிமிஷம் வைங்க. இல்லாதவங்க என்னை மாதிரி பழைய, அடி கனமான பாத்திரம் எடுத்து, அடியில ரெண்டு கப் கல்லுப்பு பரப்பி, ஒரு ஸ்டாண்டு வெச்சு, மூடி போட்டுப் பத்து நிமிஷம் சூடாக்குங்க. அப்புறம் எண்ணெய் தடவின கேக் பாத்திரத்தை உள்ள இறக்கி, சிம்ல 45-லிருந்து 50 நிமிஷம். நடுவுல ஒரு குச்சியைக் குத்திப் பாருங்க, ஒட்டாம வந்தா ஓகே. முக்கியமான விஷயம், ஆறின பிறகுதான் வெட்டணும். சூட்டோட வெட்டினா களி மாதிரி ஒட்டும். இன்னொண்ணு, சீனி கேக்கைக் கெடாம வெக்கிற வேலையும் பார்க்கும். இதுல அது இல்ல. அதனால ஃப்ரிட்ஜ்ல வெச்சு ரெண்டு மூணு நாள்ல காலி பண்ணிடுங்க. ஹாஸ்டல்னா ரெண்டு நிமிஷத்துல காலியாயிடும், கவலையே இல்ல.

வெந்த பிறகு மொத்தம் 680 கிராம் இருந்துச்சு. சர்க்கரை மொத்தம் சுமார் 78 கிராம். 12 துண்டு போட்டா ஒரு துண்டுல ஆறரை கிராம். பழைய கேக்ல ஒரு துண்டுல 26 கிராம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?

ஆனா இதுக்கும் 'லோ சுகர்'னு லேபிள் ஒட்ட முடியாது. இன்ஸ்டாவுல கேக் விக்கிற ஃப்ரெண்ட்ஸ் கொஞ்சம் கவனிங்க. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2018 விதிமுறைப்படி, திடப் பொருள்ல 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல சர்க்கரை இருந்தா அது 'லோ சுகர்' இல்ல. 'சுகர் ஃப்ரீ'ன்னு போடணும்னா 0.5 கிராம்தான் லிமிட். என் கேக்ல 11 கிராமுக்கு மேல இருக்கு. பேரீச்சம்பழத்தை முழுசா எடுத்தாக்கூட 5-ஐத் தாண்டுது. தேன் ஊத்திட்டு 'நோ ஆடட் சுகர்'னு போடுறதும் செல்லாது. லைக் வாங்குறதுக்காக நாம போடுற அந்த ரெண்டு வார்த்தையை நம்பி, எங்கயோ ஒரு அப்பா மூணு துண்டு சாப்பிடுவார். அதை நான் நேர்ல பார்த்தவன், அதான் சொல்றேன்.

எங்க ஊர்ப் பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. பழனி பஞ்சாமிர்தம்! 2019-ல புவிசார் குறியீடு வாங்கின அயிட்டம். வாழைப்பழம், வெல்லம், தேன், நெய், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு. அத்தனையும் இயற்கை. ஆனா யோசிச்சுப் பாருங்க, கோயில்ல அதை உள்ளங்கையில ஒரு சொட்டுதானே வெக்கிறாங்க? டப்பாவோட உக்காந்து ஸ்பூன் போட்டு சாப்பிட ஆரம்பிச்சது நாமதான்!

சரி, அப்பா என்ன ஆனார்னுதானே கேக்குறீங்க? டயட்டீஷியன் மேடம்கிட்ட ரெக்கார்டு நோட்டைக் காட்டினேன். சிரிச்சாங்க. "ஒரு துண்டுல மாவும் சேர்த்து மாவுச்சத்து 17 கிராம் வருது. அதனால சாயங்காலம் சாப்பிடுற பிஸ்கட்டுக்குப் பதிலா ஒண்ணு, அதுவும் எப்பவாவது"ன்னு சொன்னாங்க. அன்னிக்கு சாயங்காலம் சாப்பிடுறதுக்கு முன்னாடி 138. ரெண்டு மணி நேரம் கழிச்சு 164. ஒரே ஒரு ரீடிங்கை வெச்சு கிராஃப் போட முடியாதுன்னு எனக்கும் தெரியும். அது எங்க அப்பாவோட உடம்பு, அன்னிக்கு ஒரு நாள் கணக்கு. உங்க வீட்டுல யாருக்காவது கொடுக்கிறதா இருந்தா முதல்ல அவங்க டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. "கேக் சாப்பிடப் போறேன், மாத்திரையைக் கூட்டிக்கிறேன்"னு சொந்த டிசைன் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

'நம்ம வீட்டுல யாருக்கும் இல்லப்பா'ங்கிறீங்களா? 2023-ல வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவுல 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. அதுக்கு முந்தின கட்டத்துல இன்னும் 13.6 கோடிப் பேர். வீட்டுக்குள்ள வர அதுக்கு ரொம்ப தூரம் இல்ல பாஸ்.

லீவு முடிஞ்சு கிளம்புற அன்னிக்குக் காலையில கடையில உக்காந்திருந்தேன். ஒரு பெரியவர் வந்தார். "அண்ணாச்சி, ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரை கட்டுங்க. எனக்கு சுகர் இருக்குல்ல, சீனியை நிப்பாட்டிட்டேன்."

அப்பா தராசுல கை வெச்சவர் அப்படியே நின்னார். கிலோவுக்கு சீனியை விட நாட்டுச் சர்க்கரையில லாபம் ஜாஸ்தி. எனக்குத் தெரியும்.

"அண்ணே, இதுவும் அதுவும் ஒண்ணுதான்ணே. என் ரத்தத்துலயே டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சு. வீட்டுல மத்தவங்களுக்குன்னா கால் கிலோ கட்டுறேன். உங்களுக்குன்னா வேண்டாம்."

பெரியவர் கால் கிலோ வாங்கிட்டுப் போனார். அப்பா என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, கணக்கு சரிதானே?"ன்னார்.

எந்த எக்ஸாம்லயும் எனக்கு இப்படி ஒரு மார்க் விழுந்ததில்ல ஃப்ரெண்ட்ஸ்.

அடுத்த வாரம் பார்ப்போமா? அதுவரைக்கும் கேக் செய்யுங்க. செஞ்சா, போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி கணக்குப் போடுங்க!